நூல் கடித்த பல்

தையல் கடை மாஸ்டர் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் ஆள் தெருவில் நடந்து வரும்போதே, டேப்பைத் தொடாமல் தோள் அளவு சொல்லிவிடுவார். பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் பையனாக நுழைந்த அதே கடையைப் பிற்பாடு விலைக்கு வாங்கினவர். லேசுப்பட்ட ஆளா?

"நூலறுக்கக் கத்திரி தேடுறவன் டெய்லரே இல்ல" என்பது அவர் கட்சி. முன்பல்லில் வைத்து ஒரு இழு, அவ்வளவுதான்.

அப்படி இழுத்து இழுத்தே முன்பற்கள் வெளியே தள்ளி, ஆடவும் தொடங்கிவிட்டன. பல் டாக்டரம்மா கிளிப் போட்டார். பல்லில் குட்டிக் குட்டியாக உலோக வில்லைகள், அவற்றைக் கோத்து ஒரு கம்பி. ஒரு வில்லை மட்டும் திரும்பத் திரும்பப் பிய்ந்து வந்தது. கேட்டால், "கடலை கடிச்சுட்டேன்" என்பார் மாஸ்டர்.

போன தடவை டாக்டரம்மா பட்டென்று சொல்லிவிட்டார்: "இன்னொரு வாட்டி பிய்ச்சுட்டு வந்தீங்கன்னா கிளிப்பையே கழட்டிடுவேன் மாஸ்டர். அப்புறம் அந்தப் பல்லு நிக்கிறது சந்தேகம்தான்."

அன்றிலிருந்து எதிர் மெஷினில் தைக்கும் அவர் மனைவி, கடை திறந்ததும் அவருக்கு முகக்கவசம் மாட்டிவிடுவாள்.

"நான் என்ன கடிநாயா, வாய்க்கட்டு போடுற?"

"நாய்னா சொன்னா கேட்டுக்கும்."

அன்று சாயங்காலம் டாக்டரம்மாவிடம் போக வேண்டிய நாள். மத்தியானம், இன்டர்வியூவுக்குக் கிளம்பிய ஒருவர் கறுப்புக் கோட்டுக்காகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். கடைசிப் பொத்தான். அவரிடம் தன் பெருமையைச் சொல்வதற்காக மாஸ்டர் கவசத்தை இறக்கியிருந்தார். பேச்சோடு பேச்சாகத் தலை குனிந்தது.

டக்.

நாக்கால் தொட்டுப் பார்த்தார். வில்லை கம்பியில் அப்படியும் இப்படியும் நகர்ந்தது. வந்தவர் கோட்டைப் போட்டுக்கொண்டு சந்தோஷமாகப் போனார். எதிர் மெஷின் நின்றுவிட்டது.

"கடலைன்னு சொல்லிடலாம்" என்றார் மெதுவாக.

"சொல்லுங்க. ஆடுறது அவங்க பல்லா?"

சாயங்காலம் டாக்டரம்மாவின் நாற்காலியில் சாய்ந்ததும் விளக்கு முகத்தில் அடித்தது. மாஸ்டர் வாயைத் திறந்தார். டாக்டரம்மா இடுக்கியால் எதையோ மெல்ல இழுத்தார். விரல் நீளத்துக்குக் கறுப்பு நூல்.

"கடலையில நூல் வருமா மாஸ்டர்?"

அளவு தப்பினால்கூடத் துணி சுருங்கிவிட்டது என்று சாதிக்கிறவர் அவர். மனைவி சுவரைப் பார்த்தாள். அவர் நாற்காலிக் கையை இறுகப் பிடித்தார்.

"நூலுதான் டாக்டரம்மா. எப்பவுமே நூலுதான். கடலையை நான் தொட்டதே இல்ல."

டாக்டரம்மா பல்லில் விரல் வைத்து அழுத்தினார். விட்டார். மறுபடி அழுத்தினார்.

"போன வாட்டிய விட ஆட்டம் கம்மிதான். பிழைச்சீங்க. ஒட்டி விடறேன். ஆனா நூல் இனிமே வாய்க்குப் போகாதுன்னு யார் பொறுப்பு?"

"நான்" என்றாள் மனைவி.

இப்போது அவர் தலை லேசாகக் குனிந்தாலே எதிர் மெஷினிலிருந்து கத்திரி நீண்டு வந்துவிடுகிறது. பல் இன்னும் நிற்கிறது. வாடிக்கையாளர்கள் சிரித்தால் மாஸ்டர் கம்பிப் பல் தெரியச் சொல்வார்: "நூலறுக்கன்னே தனி ஆள் வச்சிருக்கிற கடை வேற எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?"

"பேசிக்கிட்டே குனியாதீங்க" என்பாள் அவள், தலையை நிமிர்த்தாமல்.