நெஞ்சுவலி என்று அனுப்பிய செய்தி

என் சிநேகிதியும் நானும் பாலக்கரையில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் ஐந்து வருடம் பக்கத்துப் பக்கத்து மேஜையில் வேலை பார்த்தோம். பிறகு அவள் ஸ்ரீரங்கத்துக்கு வீடு மாற்றிக்கொண்டு போனாள். அங்கேயே ஒரு பள்ளியில் வேலையும் கிடைத்துவிட்டது. நான் அதே மேஜையில் இருந்தேன். பள்ளிக்குப் பின்தெருவில், மாடியில் ஒற்றை அறை எனக்கு. கல்யாணம் இரண்டே வருடத்தில் முறிந்து திரும்பி வந்தவள் நான். கோயம்புத்தூரில் இருக்கும் அண்ணன் எப்போதாவது போன் செய்வார்.

அவள் போன பிறகு எனக்கு என்ன ஆயிற்று என்று அப்போது சொல்லத் தெரியவில்லை. காலையில் விழித்ததும் எழுந்திருக்க முடியாது. குளிக்கலாமா என்று யோசிப்பதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். ஞாயிற்றுக்கிழமைகளில் தலைகூட வாராமல் பாயில் கிடப்பேன். பசிக்காது, அழுகையும் வராது. அவளிடமிருந்து செய்தி வந்தால் மட்டும் எழுந்து சோறு வைப்பேன். நான் அனுப்பியதை அவள் பார்த்துவிட்டதாக நீலக் குறி விழுந்து பதில் வராவிட்டால் அன்றைய பொழுது அவ்வளவுதான். எதைத் தப்பாகச் சொல்லித் தொலைத்தேன் என்று பழைய செய்திகளை மேலிருந்து படிப்பேன். அவள் மகளுக்குக் கணக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருப்பாள், அல்லது அடுப்பில் ஏதாவது வைத்திருப்பாள் என்று எனக்குத் தோன்றாது. என்னை விட்டுவிட்டாள் என்றே தோன்றும்.

அதனால் பொய் சொல்ல ஆரம்பித்தேன். இதை எழுதும்போதும் கூசுகிறது. முதலில் காய்ச்சல் என்றேன். சாயங்காலமே பஸ் பிடித்து வந்து ரசம் வைத்துக் கொடுத்தாள். அப்புறம் ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றேன். நானே காலில் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் தரையில் உட்கார்ந்து தைலம் தேய்த்தாள். நல்ல காலை வலிக்கிற மாதிரி இழுத்துக்கொண்டேன். அவள் வந்துபோனால் மூன்று நான்கு நாள் தெளிவாக இருப்பேன். பிறகு மறுபடியும் அதே பாய்.

மூன்றாவது பொய்யைத் தெரிந்தே சொன்னேன். "நாளைக்கு அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன், புத்தூர்ல. நாள் பூரா ஆஸ்பத்திரிலதான் இருப்பேன். போன் எடுக்கலன்னா ஏதாவது நெனச்சுக்காதே" என்று முந்தின நாளே சொல்லியிருந்தாள். அவள் கணவர் வெளியூரில் வேலை பார்க்கிறார். அம்மாவுக்குத் துணை அவள் ஒருத்திதான். எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் மறுநாள் காலை பத்து மணிக்கு, லீவு சொல்லிவிட்டுப் படுத்திருந்தபோது, அவள் இனி கூப்பிடவே மாட்டாள் என்ற பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. பதினொன்றரைக்கு 'நெஞ்சு வலிக்குது. யாரும் இல்ல' என்று அனுப்பினேன்.

அரைமணி நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினாள். படியேறிய மூச்சு அடங்கவில்லை. "எங்க வலிக்குது? இடது கையில வலி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே என் செருப்பை எடுத்துக் காலருகே வைத்தாள். பக்கத்துத் தெரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அது முடியும் வரை என் பாதத்தைப் பிடித்தபடி நின்றாள். எல்லாம் சரியாக இருக்கிறது, வாயுவாக இருக்கும் என்றார் டாக்டர். அவளுக்கு முகம் மலர்ந்தது. எனக்கு அந்த இடத்திலிருந்து எங்காவது ஓடிவிட வேண்டும்போல் இருந்தது.

அப்போதுதான் அவள் அம்மா போன் செய்தார். "இதோ வந்துட்டேம்மா" என்றாள். என்னிடம் திரும்பி, "உன்னைத் தனியா விட்டுட்டுப் போக மாட்டேன், நீயும் வா" என்றாள்.

புத்தூர் ஆஸ்பத்திரியில், மாடிப்படிக்குப் பக்கத்து நாற்காலியில் அவள் அம்மா மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கண்ணில் கட்டு. அடுத்த கண்ணிலும் புரை, அதனால் எங்களை அடையாளம் தெரிய நாங்கள் கிட்டத்தில் போக வேண்டியிருந்தது. என் குரல் கேட்டதும், "நெஞ்சு வலி எப்படிம்மா இருக்கு? டாக்டர் என்ன சொன்னாரு? நீ உக்காரு மொதல்ல" என்று எழுந்திருக்கப் பார்த்தார். ஆட்டோ காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

ஸ்ரீரங்கத்தில் அவரைப் படுக்கவைத்து, கட்டை விலக்கிக் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுவிட்டுச் சிநேகிதி சமையலறைக்கு வந்தாள். நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

"எனக்கு வலியே இல்ல. பொய் சொன்னேன்" என்றேன்.

அவளுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. "எப்ப வலி நின்னுச்சு?"

"வலிக்கவே இல்ல. காய்ச்சலும் பொய். கால்ல அடியும் பொய்."

கையிலிருந்த மருந்துக் குப்பியை மேடைமேல் வைத்தாள். உள்ளே கேட்காதபடி அடங்கிய குரலில் சொன்னாள்: "எங்கம்மா ரெண்டு மணி நேரமா பாத்ரூம்கூடப் போகல, தெரியுமா? எந்திரிச்சா எங்கயாவது இடிச்சுப்போம்னு பயந்துகிட்டு அப்படியே உக்காந்திருந்திருக்காங்க. உனக்கு வலிக்குதுன்னு நான்தான் அவங்களை விட்டுட்டு வந்தேன்." கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "நீ கிளம்பு."

கிளம்பினேன். ஒன்பது நாள் அவள் பேசவில்லை. நானும் செய்தி அனுப்பவில்லை, அதற்கு முகம் இல்லை. வேலைக்குப் போனேன், வந்தேன், படுத்தேன். என் கணவர் கோபம் வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். நான்கு நாளில் வருவாரா, பத்து நாளாகுமா என்று தெரியாது. கடைசியாகப் போனபோது திரும்பி வரவே இல்லை. அந்தக் கணக்கில் இவளும் போயாயிற்று என்று முடிவு கட்டிவிட்டேன்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கதவு தட்டப்பட்டது. அவள் நின்றாள்.

"எனக்கு இன்னும் கோவம் தீரல. கோவமா இருக்கேன்னு சொல்லத்தான் வந்தேன். உன்னை விட்டுட்டேன்னு நீ நெனச்சுட்டு இருப்பேன்னு தெரியும். விடல. என்னைப் பார்க்கணும்னா வான்னு சொல்லு. முடிஞ்சா வருவேன், முடியலன்னா முடியலன்னு சொல்லுவேன்."

உள்ளே வந்து பாயைச் சுருட்டி மூலையில் வைத்தாள். அன்று என்னுடன் அதிகம் பேசவில்லை. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே தோசை வார்த்தாள். ஒருவர் இவ்வளவு கோபத்தோடு என் வீட்டுக்குள் இருந்து நான் பார்த்ததே இல்லை. மாதக்கணக்காக வராத அழுகை அன்று வந்தது.

மறுவாரம் அவளே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனாள். இன்றும் மாத்திரை சாப்பிடுகிறேன். அதனால் மட்டும் எழுந்தேன் என்று சொல்ல மாட்டேன். "வா" என்று கேட்டதற்கு அவள் இருமுறை "இன்னைக்கு முடியாது" என்றாள். இரண்டு முறையும் அடுத்த வாரம் வந்தாள். அதற்குப் பிறகு, வேலை நேரத்தில் போனை மேஜை இழுப்பறைக்குள் வைக்க முடிந்தது. சில ஞாயிற்றுக்கிழமைகள் இன்னும் கனமாகத்தான் இருக்கின்றன. ஆனால் குளித்துவிடுகிறேன்.

அவள் தன் அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. நான் போகும்போதெல்லாம் அவர், "வாம்மா, வலி வருதா இப்பல்லாம்?" என்று கேட்பார். கோயிலுக்குப் போனால் எனக்காகவும் வேண்டிக்கொள்வதாகச் சொன்னார். ஒவ்வொரு முறையும் "இல்லம்மா, நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவர் கண்ணைப் பார்க்காமல் இருந்தேன். போன மாதம் இனிமேல் தாங்காது என்று, சிநேகிதி கடைக்குப் போயிருந்தபோது நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நின்றது. "அன்னைக்கு எனக்கு ரொம்ப பயமா இருந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடியும் கீரையைக் கையில் எடுத்தார்.

அடுத்த முறை போனபோது, "வாங்க, உக்காருங்க" என்றார். காபி கொடுத்தார். வலியைப் பற்றிக் கேட்கவில்லை. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. முன்பென்றால் அந்த 'ங்க'வுக்காகவே ஒரு வாரம் பாயில் கிடந்திருப்பேன், அந்தத் தெருப்பக்கமே போயிருக்க மாட்டேன். காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தேன். "அடுத்த வாரமும் வரேம்மா" என்றேன். அவர் தலையை ஆட்டினார்.