பக்கத்துக் கட்டம்

ஞானசேகரனைப் பொறுத்தவரை சென்னை அவர் வீட்டோடு முடிந்துவிடும். அம்பத்தூரில் இருந்த காலத்தில் அது அம்பத்தூரோடு முடிந்தது. ஆவடிக்கு வாடகைக்குப் போனதும் ஆவடி வரை நீண்டது. நெமிலிச்சேரியில் ஃபிளாட் வாங்கியபோது, பெரிய மனது பண்ணி நெமிலிச்சேரியையும் சேர்த்துக்கொண்டார். அதற்கு மேல் ஓர் அங்குலம்கூடத் தருவதாக இல்லை.

அதனால்தான், மனைவி சரசாவின் தம்பி தமிழ்வாணன் வேப்பம்பட்டில் வீடு கட்டிக் கிரகப்பிரவேசத்துக்கு அழைத்தபோது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், "ஊடு நல்லாத்தான் கீது. எந்த மாநிலம்னுதான் தெரியல" என்றார். பந்தியே சிரித்தது. கையில் சாம்பார் வாளியோடு நின்ற தமிழ்வாணன் மட்டும் சிரிக்கவில்லை. அதன் பிறகு கல்யாணம் காட்சியில் பார்த்தால் ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். சரசா மட்டும் அவ்வப்போது தனியாக ரயிலேறித் தம்பியைப் பார்த்துவிட்டு வருவாள்.

ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் தலையைக் குனிந்தே ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு, தலையை நிமிர்த்த ஒரு காரணம் கிடைத்தது. அமெச்சூர் ரேடியோ, அதாவது சொந்தக் கருவியில் ஊர் ஊராகப் பேசும் வானொலிப் பொழுதுபோக்கு. பரீட்சை எழுதி அரசாங்க உரிமம் வாங்கினார். அதிலும் அவருக்குப் பிடித்தது செயற்கைக்கோள் வழியாகப் பேசுவது. செருப்புப் பெட்டி அளவு ஒரு கோள் நம் தலைக்கு மேல் போகும். நாம் பேசுவதை வாங்கி, கொழும்பிலிருந்து ஜகார்த்தா வரைக்கும் கேட்கும்படி திருப்பி அனுப்பும். வானத்தின் ஒரு விளிம்பில் எழுந்து மறு விளிம்பில் மறையப் பத்து நிமிடம் ஆகும். அதற்குள் ஒரு கையில் வாக்கிடாக்கி, இன்னொரு கையில் மீன்முள் மாதிரியான ஆன்டெனா என்று அதன் பின்னாலேயே திரும்பிக்கொண்டு பேச வேண்டும். மொட்டைமாடியில் இந்தக் கோலத்தில் பார்த்த கீழ்வீட்டு ராகவன், "சார், டவர் கிடைக்கலையா?" என்று உண்மையான கவலையோடு கேட்டார்.

பேச்சு என்றால் பெரிய பேச்சில்லை. ஒரே நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பதால் பெயர், கட்டம், நன்றி. அதோடு சரி. கட்டம் என்பது இந்த ரேடியோக் கூட்டம் உலகத்தையே சதுரம் சதுரமாக வெட்டி வைத்திருக்கும் கணக்கு. எத்தனை கட்டத்தோடு பேசினாய் என்பதுதான் அங்கே கௌரவம். முதல் மாதம், புதுக் குரல் என்பதால், ஞானசேகரனை எல்லோரும் கூப்பிட்டார்கள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. அலுவலகத்தில் ஒருவன்கூட நிமிர்ந்து பார்க்காத மனிதரைப் பாங்காக்கில் ஒருவன் பெயர் சொல்லி அழைக்கிறான் என்றால் சும்மாவா?

அடுத்த மாதம் ஒருவரும் கூப்பிடவில்லை. சென்னை மொத்தமும் ஒரே கட்டம். பாதி ரேடியோக்காரர்கள் அதற்குள்தான் இருந்தார்கள். எல்லோரிடமும் அது ஏற்கெனவே இருந்தது. ஞானசேகரன் கூப்பிடுவார். அவர் குரல் வானத்துக்குப் போய் அவர் காதிலேயே திரும்பி விழும். நொந்துபோய் ஒருநாள் போனில் வரைபடத்தைத் திறந்து பார்த்தார். எண்பதாவது தீர்க்கரேகையோடு கட்டம் முடிந்தது. கோடு திருநின்றவூரைத் தாண்டி ஓடியது. அதற்கு அப்பால் யாரும் பேசாத, எல்லோரும் ஏங்குகிற அடுத்த கட்டம். அதன் வாசலிலேயே வேப்பம்பட்டு.

"ஞாயித்துக்கிழமை தமிழ்வாணன் ஊட்டுக்குப் போயிட்டு வரலாமா?" என்றார் சரசாவிடம்.

 சரசா சமையலறைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பிக்குப் போன் போட்டாள். அந்த இடத்தில் அவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வேப்பம்பட்டு ஸ்டேஷனில் தமிழ்வாணன் ஆட்டோவோடு காத்திருந்தான். "வா மாமா" என்று கையைப் பிடித்துக்கொண்டான். வீட்டில் ஆட்டுக்கறிக் குழம்பு, வஞ்சிர மீன் வறுவல், வடை, பாயசம். எங்க மாமா வர்றாரு என்று பெண்டாட்டி ஹேமாவதியின் வீட்டார் அத்தனை பேரையும் அழைத்திருந்தான். வேட்டியில் சுற்றி வைத்திருந்த ஆன்டெனாவை ஏதோ சீர் என்று நினைத்த ஹேமாவதி, அதை இரண்டு கையாலும் வாங்கிப் பூஜை அறையில் சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். ஞானசேகரன் முகத்தில் ஈயாடவில்லை. இலை போடும் நேரமும் கோள் எழும் நேரமும் ஒன்றாக வந்தன. எல்லோரும் பாய் விரிக்கிற சந்தடியில், சாமியிடமிருந்து மூட்டையைத் திருடாத குறையாக எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

கூப்பிட்டார். வானமே திறந்துகொண்டது போல் ஆயிற்று. ஜகார்த்தா, பாங்காக், கொழும்பு, பெங்களூரு, எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து அவர் பெயரைச் சொன்னார்கள். "வேப்பம்பட்டு, வேப்பம்பட்டு" என்று அவர் நாடு நாடாக அறிவித்தார். திரும்பியபோது தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் தமிழ்வாணன் நின்றிருந்தான். அவன் முகமெல்லாம் சிரிப்பு.

"நம்ம ஊர் பேர சொல்றியே மாமா. யாரு இவுங்கள்லாம்?"

"தெரியாதுப்பா."

"தெரியாதவங்க இன்னாத்துக்கு உன்ன கூப்புடறாங்க?"

"நான் இந்த எடத்துல நிக்கறேன்ல, அதுக்குத்தான். நெமிலிச்சேரில நின்னா கூப்புட மாட்டாங்க."

தமிழ்வாணன் ஆன்டெனாவைப் பார்த்தான். அதைச் சுற்றிக் கொண்டுவந்த வேட்டியைப் பார்த்தான். சிரிப்பு மெல்ல இறங்கியது. வாக்கிடாக்கி இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

"பதில் சொல்லிட்டு வா மாமா. பாவம், கூப்புட்டுகினே கீறாங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே போனான்.

ஞானசேகரன் இன்னும் இரண்டு பேருக்குப் பதில் சொன்னார். கீழே போனால் அத்தனை பேரும் இலையில் கை வைக்காமல் அவருக்காகக் காத்திருந்தார்கள். வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டே சாப்பிட்டார். தமிழ்வாணன் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டேஷனில் ரயில் வரும்போதுதான் சொன்னான்.

"மாடிப்படி ஊட்டுக்கு வெளியதான் கீது மாமா. மாடி கதவு சாவிய கேட்டாண்ட மாட்டி வைக்கிறேன். எப்ப வேணா வா. உள்ள வந்து உக்காரணும்னு இல்ல."

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் ஞானசேகரன் தாங்கியிருப்பார். வழிமுழுக்க சரசா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

இவ்வளவுக்குப் பிறகும் மனுஷன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனார். சரசா வரவில்லை. சாவி கேட்டில் தொங்கியது. பேசிவிட்டு, சாவியை மாட்டிவிட்டு, வந்த சுவடு தெரியாமல் திரும்பினார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். அதற்குள் வேண்டியவர்கள் எல்லோருக்கும் அந்தக் கட்டம் கிடைத்துவிட்டது. நான்காவது வாரம் பத்து நிமிடமும் கூப்பிட்டுப் பார்த்தார். அவர் குரல் மட்டும் அவர் காதில் விழுந்தது. கீழே யாரோ குக்கரைத் திறந்தார்கள். தட்டுகள் வைக்கிற சத்தம் கேட்டது. சாப்பிடத் தன்னை யாரும் கூப்பிடப்போவதில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. அது தானே தேடிக்கொண்டதுதான் என்பதும் தெரிந்தது.

இறங்கி வந்து சாவியை மாட்டினார். கேட்டைத் திறந்து வெளியே ஓர் அடி வைத்தவர், திரும்பிப் போய்க் கதவைத் தட்டினார். தமிழ்வாணன்தான் திறந்தான்.

"இன்னா மாமா, சாவி இல்லியா?"

"மாட்டிட்டேன்." செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். "சோறு கீதா?"

 தமிழ்வாணன் உள்ளே திரும்பிப் பார்த்தான்.

"நேத்து வெச்ச கொழம்புதான் கீது."

"பரவால்ல" என்று சொல்லிவிட்டு ஞானசேகரன் செருப்பைக் கழற்றினார்.