மூன்று பெஞ்ச் கிரைண்டர்களும் ஒரு பல்செட்டும்

பழைய பெஞ்ச் கிரைண்டரை வாங்கிப் பழுது பார்க்கும் வேலையில் முதல் விதி, விற்றவர் சொன்ன எதையும் நம்பாதே. இரண்டாம் விதி, நீயே கண்டுபிடித்ததாக நினைப்பதையும் நம்பாதே. நான் முதல் விதியை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன்.

அறியாதவர்களுக்கு ஒரு வரி: நடுவில் மோட்டார், அதன் இரு முனைகளிலும் சுழலும் சாணைக்கல், உளியும் கத்தியும் தீட்டுவதற்கு. மாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. நான் இயந்திரப் பொறியியல் படித்தவள். படித்ததைத் தொடாமல், எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருபது ஆண்டுகளாகக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு கூட்டமும் அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறிப்பதோடு முடியும். என் கையால் ஒன்றைத் தொடங்கி, கூராக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, 'இது முடிந்தது' என்று நான் சொல்ல முடிந்த ஒரே இடம், ஆஸ்டின் டவுனில் நான் குடியிருக்கும் வீட்டின் கார் ஷெட். அதை இழக்கும் நிலைக்கு வந்த நான்கு மாதங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். இதே நோய் பிடித்து, வீட்டாரின் முறைப்புக்கு நடுவே துருவைத் தேய்த்துக்கொண்டிருக்கும் சக நோயாளிகளுக்கு இது புரியும். மற்றவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

பச்சைப் பெயின்ட்

ஞாயிறு விடிந்தால் எனக்குக் கால் தரையில் நிற்காது. சிட்டி மார்க்கெட் அருகே கூடும் பழைய சாமான் சந்தைக்கு ஆறரை மணிக்கே போய்விடுவேன். அங்கே அன்சர் பாய் தார்ப்பாய் விரித்து, கழற்றிய மோட்டார்களையும் வாய் தேய்ந்த ஸ்பேனர்களையும் பரப்பியிருப்பார். முதல் கிரைண்டரை அவரிடம்தான் பார்த்தேன். முப்பது கிலோ வார்ப்பிரும்பு. எந்தத் தொழிற்சாலையில் பிறந்தது என்று சொல்வதற்கு ஒரு தகடு இருந்தது. அதன் மேலும் பச்சைப் பெயின்ட். சுவிட்சில் பெயின்ட், ஷாஃப்ட்டின் மரையில் பெயின்ட், கல்லின் விளிம்பில்கூடப் பெயின்ட்.

விலையை அவர் என்னிடம் சொல்லவில்லை. தூக்கிக் கொடுப்பதற்காக என்னோடு வந்து நின்ற ஆட்டோக்காரரிடம் சொன்னார். வாங்குபவள் நான், பேச்சு இந்தப் பக்கம் வரட்டும் என்றேன். வந்தது. இவ்வளவு துருவையும் பெயின்டுக்குள் புதைத்து விற்பதற்குப் பெயர் ஏமாற்று என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். பாய்க்குக் கோபமே வரவில்லை. குழந்தையின் தலையைத் தடவுவதுபோல இயந்திரத்தைத் தடவிக்கொடுத்தார்.

"மறைக்கறதுக்கா அடிச்சேன்? என்ன மேடம் நீங்க! பாத்த ஒடனே உங்க மனசு ஒடஞ்சிடக் கூடாதுன்னுதான் அடிச்சேன்."

கடப்பைக்கல் பலகை

வீட்டுக்காரர் ரோஸ்லின் ஆன்ட்டி, ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. கீழே அவர் தனியாக இருக்கிறார், மாடியில் நான். எனக்குக் கார் இல்லை என்பதால், ஷெட்டைப் பட்டறையாக்கிக்கொள்ள அனுமதித்தார். முதல் நாளே கனமான மரமேசை ஒன்றைச் சுவரோடு சேர்த்து, நான்கு பெரிய போல்ட் அடித்து, யானை இழுத்தாலும் அசையாதபடி முடுக்கினேன். இருபது ஆண்டுகளில் நான் செய்த முதல் உருப்படியான வேலை அது. அந்த நான்கு போல்ட்டையும் புகைப்படம் எடுத்துக் கல்லூரித் தோழிகளுக்கு அனுப்பினேன். பிறகு பச்சைக் கிரைண்டரை மேசை மேல் பொருத்தினேன்.

அந்தச் சுவரின் மறுபக்கம் ஆன்ட்டியின் படுக்கையறை. மதியம் படுக்கும்போது பல்செட்டைக் கழற்றி, கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றிப் போட்டு, அதே சுவரில் பதித்த கடப்பைக்கல் பலகையில் வைப்பது அவர் வழக்கம். சனிக்கிழமை இரண்டு மணிக்கு நான் சுவிட்சைப் போட்டேன். இரண்டு ஐந்துக்கு ஆன்ட்டி துண்டால் வாயை மூடிக்கொண்டு ஷெட் வாசலில் நின்றார்.

அவருடைய தங்கை மகன் ஜெரால்ட் கிறிஸ்துமஸுக்குப் புதுக் கார் எடுக்கப்போகிறான். ஏற்கெனவே ஷெட்டைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஆன்ட்டி நியாயமானவர், ஆகவே பரீட்சை வைத்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை மதியம், இயந்திரம் ஓடும்போது தம்ளரில் பல்செட் அசையாமல் கிடந்தால் ஷெட் எனக்கு, அசைந்தால் காருக்கு. அதுவரை நான்கு மாத அவகாசம். இதையெல்லாம் சொல்லிவிட்டுத் திரும்பியவர், துண்டுக்குள்ளிருந்தே காரணத்தையும் சொன்னார்.

"என் பல்லு என் வாயில இல்லாதப்பவும் கடகடன்னு பேசுது வசந்தி. என்ன சொல்லப்போவுதோன்னு எனக்கே பயமா இருக்கு."

இடது கை

பெஞ்ச் கிரைண்டரின் இடப்பக்க நட் மட்டும் எதிர்த்திசையில் கழலும். அப்படி அமைக்காவிட்டால் சுழற்சியில் நட் தானே தளர்ந்து கல் பறந்துவிடும். இதைப் பல்கலைக்கழகத் தேர்வில் படம் போட்டு எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். பச்சைக் கிரைண்டரின் பேரிங்கை மாற்ற வேண்டும். அதற்கு முதலில் கற்களைக் கழற்ற வேண்டும். பின்பக்கத் திருகுகள் எட்டவில்லை என்று இயந்திரத்தை அப்படியே திருப்பி, அதன் முதுகு என்னைப் பார்க்கும்படி வைத்துக்கொண்டேன். பிறகு என் இடப்பக்கம் இருந்த நட்டில் ஸ்பேனரை மாட்டி, படித்த பெண்ணாக எதிர்த்திசையில் திருகினேன். அசையவில்லை. துரு என்று முடிவு செய்து, ஸ்பேனரில் இரண்டடி பைப்பைச் செருகி, முழு உடலையும் அதில் தொங்கவிட்டேன். 'டக்' என்றது. மரை மழுங்கிப்போய், நட் கையோடு வந்தது.

ஸ்ரீராம்புரத்தில் முருகேசனின் பட்டறைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் மோட்டாருக்குச் சுருள் கட்டுபவர். பக்கத்திலேயே மரை வெட்டும் லேத் ஒன்றும் வைத்திருக்கிறார். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அவர் ஷாஃப்ட்டை வெளிச்சத்தில் உருட்டி உருட்டிப் பார்த்தார். சிரிக்காமல் இருப்பதற்கு அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

"திருப்பி வெச்சீங்க, சரி மேடம். மெஷின் திரும்பினா அதோட எடது கையும் அதோடதானே திரும்பும்?"

கருவிப் பதிவேடு

முருகேசன் பத்து நாள் கேட்டார். பத்து நாள் சும்மா இருக்க எனக்குத் தெரியாது. அலுவலகக் கூட்டங்களில் மேசைக்கடியில் என் கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. அடுத்த ஞாயிறே இரண்டாவது கிரைண்டரை வாங்கிவிட்டேன். அதன் கல்லை மூடும் வார்ப்பிரும்புக் கவசத்துக்குப் பெயின்ட் அடிக்க, பொம்மசந்திராவில் ஒரு பட்டறையில் கொடுக்க வேண்டியிருந்தது. மாலையில் போகலாம் என்று லேப்டாப் பையில் வைத்துக்கொண்டு, கம்பெனி வண்டியில் ஏறினேன்.

நிறுவன வாசலில் ஸ்கேனர் திரையில் அது கரிய பிறைபோலத் தெரிந்தது. காவலர் ஓசூர்ப் பக்கத்துக்காரர், நிதானமானவர். பையைத் திறந்தார், தூக்கிப் பார்த்தார், கீழே வைத்தார். உள்ளே போகும் கருவிகளுக்கான பதிவேட்டை எடுத்து, கருவியைத் தயாரித்தவர் பெயர் கேட்டார், தெரியாது என்றேன். மாடல் கேட்டார், துரு தின்றுவிட்டது என்றேன். வரிசை எண் கேட்டார். ஒரு இரும்பு மூடிக்கு வரிசை எண் கேட்பது எந்த அறிவின்பாற்பட்டது என்று நான் கேட்டேன். எனக்குப் பின்னால் முப்பது பேர் அடையாள அட்டையை ஆட்டிக்கொண்டு நின்றார்கள். அவர் குரலைத் தாழ்த்தி, என் நன்மைக்காகவே பேசினார்.

"நம்பர் எழுதாம உள்ள விட்டுட்டேன்னு வைங்க, சாயங்காலம் வெளிய போறப்ப இத நீங்க கம்பெனிலேந்து திருடிட்டுப் போறதா ஆயிடும் மேடம்."

கல்லின் குரல்

இரண்டாவது கிரைண்டருக்கு முருகேசன் புதிதாகச் சுருள் கட்டினார். ஓடியது; பல்செட்டும் ஆடியது. பச்சையும் புது மரையோடு திரும்பி வந்தது. அதற்கும் ஆடியது. மூன்றாவதை வாங்கினேன். இந்த முறை குற்றம் கல்லில் இருக்கும் என்று முடிவு செய்து, மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் ஒரு ஹார்ட்வேர் கடைக்குப் புதுக் கல் வாங்கப் போனேன். சாணைக்கல் வாங்கும்போது அதை ஒரு விரலில் தொங்கவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியால் மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல கல் மணிபோல ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் மந்தமாக 'தொத்' என்னும். விரிசல் விட்ட கல் ஓடும் வேகத்தில் வெடித்தால், எதிரே நிற்பவரின் முகம் அவரிடம் மிஞ்சாது.

கடைக்காரர் கொடுத்த முதல் கல் 'தொத்' என்றது. அவர் அதை வாங்கி, அடுத்த வாடிக்கையாளருக்காக அதே அடுக்கில் மறுபடி வைத்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதற்கும் சேர்த்துப் பணம் கொடுத்து, கல்லைக் கையில் வாங்கி, அவர் கடைச் சுத்தியலாலேயே வாசற்படியில் வைத்து மூன்று துண்டாக உடைத்தேன். தெருவே நின்று பார்த்தது. அவர் மட்டும் பார்க்கவில்லை. பேனாவின் மூடியைத் திறந்துகொண்டிருந்தார்.

"ஒடச்சிட்டீங்களா? ஆச்சா? பில்லு நல்ல கல்லுக்கு மட்டும் போடட்டுமா, ஒடச்சதுக்கும் சேத்தா மேடம்?"

டேப்போடு வந்தவன்

டிசம்பர் வந்தது. மூன்றாவது கிரைண்டரில் புதுப் பேரிங், புதுக் கல், முருகேசன் கட்டிய சுருள், வைரமுனை கொண்டு நானே சீவிச் சமன்செய்த கல்முகம். ஓடும் இயந்திரத்தின் தலைமேல் ஒரு ரூபாய் நாணயத்தை விளிம்பில் நிறுத்தினேன். நின்றது. இந்த வேலையில் அதற்கு மேல் ஒரு பரீட்சை கிடையாது. ஓடிப்போய் ஆன்ட்டியின் அறையில் பார்த்தேன். தம்ளரில் பல்செட் அப்போதும் கடகடவென்று ஆடிச் சிரித்துக்கொண்டிருந்தது.

பரீட்சை நாளின் காலையில் ஜெரால்ட் அளவு டேப்போடு வந்தான். கெட்டவன் அல்ல, எனக்கும் ஒரு கேக் வாங்கி வந்திருந்தான். ஷெட்டின் நீளம், அகலம், கதவின் உயரம் எல்லாம் அளந்து கைபேசியில் குறித்துக்கொண்டான். கடைசியாக என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, சுவரில் புடைத்திருந்த நான்கு போல்ட் தலைகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. எப்படியும் மத்தியானம் பல்லு ஆடத்தான் போகுது. இந்த நாலு போல்ட்டையும் இப்பவே கழட்டிட்டீங்கன்னா, டிரைவர் பக்கம் டோர் தொறக்குமான்னு நான் அளந்துக்குவேன்."

இரண்டு மணி

கழற்றினேன். கோபத்தில் நான்கையும் பத்தே நிமிடத்தில் கழற்றி, என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மேசையைச் சுவரிலிருந்து ஷெட்டின் நடுவுக்கு இழுத்தேன். காலி செய்து போகும்போது தரையைக் கீறினேன் என்ற பேச்சு வரக் கூடாது என்று, பழைய ஸ்கூட்டர் டயரைத் துண்டுபோட்டு நான்கு கால்களுக்கும் அடியில் வைத்தேன். தோற்கப்போகிற பரீட்சைதான், ஆனாலும் எழுதாமல் எழுந்து போகும் பழக்கம் எனக்கு இல்லை. சரியாக இரண்டு மணிக்கு சுவிட்சைப் போட்டேன். மோட்டார் வேகம் பிடித்து, ஒரே சீராக, மிக மெல்ல ரீங்கரித்தது. தீர்ப்பைக் கேட்பதற்காக ஜெரால்ட் கையில் டேப்போடு வாசலில் நின்றான்.

இரண்டு ஐந்து. ஆன்ட்டி வரவில்லை. இரண்டு பத்து. தெருமுனைத் தேவாலயத்தில் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் பாட்டு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன் ஒரு சொல்கூடத் தவறாமல் என் காதில் விழுந்தது. ஜெரால்ட் கிரைண்டரைப் பார்த்தான். வெறும் ஓட்டைகளோடு நின்ற சுவரைப் பார்த்தான். புடைத்திருந்த என் சட்டைப் பையைப் பார்த்தான். டேப் அவன் கையிலிருந்து 'சரக்' என்று தானாகச் சுருண்டுகொண்டது. இரண்டு பதினைந்துக்கு, படுக்கையறை ஜன்னலிலிருந்து, பல்லில்லாத வாயின் முழுக் கோபத்தோடு ஆன்ட்டியின் குரல் வந்தது.

"ஏ வசந்தி! பல்லக் கழட்டி வெச்சுட்டு எவ்வளவு நேரம்தான் நான் அந்தத் தம்ளரையே பாத்துட்டு ஒக்காந்திருக்கறது? சீக்கிரம் அந்த மெஷினப் போட்டுத் தொலையேன்!"

நான்கு மாதமாக மூன்று கிரைண்டர்களை எலும்பு வரை கழற்றித் தேடிய நான், குற்றவாளிகள் நால்வரையும் முதல் நாளே புகைப்படம் எடுத்து, பெருமையோடு தோழிகளுக்கு அனுப்பியிருந்தேன்.