நைனா ஊற்றிய ஆயில்

வெயில் ஏறிய வண்டியின் பானட்டைத் திறந்தவுடன் முகத்தில் அடிக்கும் அந்த வாடை இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. பாதி கருகின எண்ணெய், பாதி மீன் ஐஸ் உருகின தண்ணீர், இரண்டும் சேர்ந்து சூட்டில் வெந்த வாடை. பட்டினப்பாக்கத்தில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்த எங்கள் தெருவில், வாசலை அடைத்தபடி நின்றிருக்கும் எங்கள் பிக்கப் வண்டி. விடிவதற்குள் காசிமேட்டுக்குப் போய் மீன் ஏற்றிவந்து, மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, அடையாறு என்று கூடை வைத்து விற்கும் பெண்களுக்கு இறக்கிக் கொடுப்பது அதன் வேலை. என் அம்மாவும் அந்தப் பெண்களில் ஒருத்தி. ஓட்டினவர் என் அப்பா. எங்கள் பக்கத்தில் அப்பாவை "நைனா" என்போம்.

வண்டிக்கு எதை எப்போது மாற்ற வேண்டும் என்று நைனா யாரையும் கேட்டதில்லை. "ஊர் வண்டிக்கு மீட்டருல கணக்கு, மீன் வண்டிக்கு உப்புல கணக்கு" என்பார். கடலில் மீன் பிடிக்கத் தடை போடும் சித்திரை, வைகாசியில் வண்டிக்கு வேலை இருக்காது. அப்போது என்ஜின் ஆயிலை இறக்கிவிட்டுப் புதுசு ஊற்றுவார். ஆயில் பில்டரையும் சேர்த்தே மாற்றிவிடுவார், "அழுக்குத் துணியில வடிகட்டினா நல்ல பாலும் கெட்டுப்பூடும்" என்று சொல்லிக்கொண்டே. மழைக்காலம் முடிந்து, தெருத் தண்ணீரில் வண்டி நீந்தி எழுந்த பிறகு இன்னொரு தடவை ஆயில் மாற்றுவார். காற்றுப் பில்டரை அவ்வப்போது தட்டி ஊதி வைப்பார். பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தைத் தானாகக் குடிக்கும் என்றும், இரண்டு வருஷத்துக்கு மேல் அதை நம்பினால் மிதிக்கிற நேரத்தில் கைவிட்டுவிடும் என்றும் சொல்வார்.

அப்படி ஒரு தடைக்காலத்தில் ஆயில் மாற்றி, பில்டரைத் தன் கையாலேயே இறுக்கித் திருகிவிட்டு வந்தவர், மறுநாள் காய்ச்சல் என்று படுத்தார். கண் மஞ்சளானது. பிறகு எழுந்திருக்கவேயில்லை.

சாவு விழுந்த வீட்டில் இருக்கிற தண்ணீரையெல்லாம் கொட்டிவிடுவது எங்கள் தெருப் பழக்கம். சொந்தக்காரப் பெண்கள் குடத்துத் தண்ணீரைக் கொட்டினார்கள், குழம்புச் சட்டியைக் கவிழ்த்தார்கள், நைனா தலைமாட்டில் பாதி குடித்து வைத்திருந்த செம்புத் தண்ணீரையும் வாசலில் ஊற்றினார்கள். அம்மா அதையெல்லாம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். காரியம் முடிந்து, அம்மாவின் தம்பி சேகர் மாமா வண்டியை எடுக்க வந்த அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள்.

"வண்டில கீற ஆயிலு அவுரு கையால ஊத்தினது. வருசம் திரும்புற வரிக்கும் அத யாரும் கீழ வுடக் கூடாது."

மாமாவுக்கு ஓட்டத்தான் தெரியும், வண்டியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. சரி என்றுவிட்டார். மழைக்காலம் முடிந்ததும் அவருக்கே பயம் வந்தது. "அக்கா, ஆயிலு தாரு மாதிரி கீதுக்கா. மாத்திடலாமா?"

"கொறஞ்சா மேல ஊத்திக்கோ. கீழ வுடாத."

"மேல ஊத்தினாலும் பழசு பழசுதான்கா."

"தயிருக்குத் தெனம் புதுப் பாலு ஊத்தறோம். நேத்துத் தயிரு உள்ள இல்லாமப் பூடுதா? போடா."

மாமா பானட்டைச் சாத்திவிட்டுப் போனார். எனக்கும் அம்மா சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அந்த வண்டிக்குள் எங்கேயோ ஓர் இருட்டில் நைனாவின் கை பட்ட எண்ணெய் சுற்றிச் சுற்றி வருகிறது என்று நினைத்துக்கொண்டால், அதன் பக்கத்தில் நிற்கத் தைரியமாகவும் இருந்தது, கொஞ்சம் நடுக்கமாகவும் இருந்தது.

சத்தம் மாறியது அதற்குப் பிறகுதான். நிறுத்தி வைத்த வண்டியில் மாமா சாவியைத் திருப்பியதும், தொண்டையில் சளி கட்டினவர் செருமுவது போல இரண்டு செருமல் வரும். பிறகு உள்ளே யாரோ விரல் முட்டியால் தட்டுவது போல "டொக், டொக்" என்று கேட்கும். நைனா வீட்டுக்குள் வருமுன் கதவில் அப்படித்தான் தட்டுவார். அம்மா அடுப்படியில் எந்த வேலையில் இருந்தாலும் அந்தச் சத்தத்துக்குக் கை நின்றுவிடும். தலையைத் திருப்ப மாட்டாள், கண் மட்டும் வாசலுக்குப் போகும்.

பொங்கல் கழிந்த பிறகு இன்னொன்று நடந்தது. மாமா காலையில் ஆயில் பார்க்கும் குச்சியை உருவித் துடைத்துவிட்டு, மறுபடி செருகி எடுத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"அக்கா, ஆயிலு கொறயவேயில்ல. ஏறிகினு போவுது."

பழைய வண்டி ஆயில் குடிக்கும். எல்லா ஓட்டுநர்களுக்கும் தெரிந்த விஷயம் இது. எங்கள் வண்டியோ யாரும் ஊற்றாமலேயே ஊறிக்கொண்டிருந்தது. நிறமும் மாறியது. தார் போல இருந்தது வெளுத்து, பாலூற்றின டீ போல ஆனது. மாமா குச்சியை நீட்டிக் காட்டினார். அம்மா அதையே பார்த்துவிட்டு, "அவுருக்கு டீன்னா உசுரு" என்று மட்டும் சொன்னாள்.

விஷயம் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. புகைக்குழாயிலிருந்து வெள்ளையாகப் புகை வந்து, சாம்பிராணி போட்டது போலச் சந்து முழுக்க மிதந்தது. வண்டி நிற்கும் பக்கம் போகிறவர்கள் செருப்பைக் கழற்றத் தொடங்கினார்கள். யாரோ வைப்பரில் ஒரு முழம் மல்லி சுற்றிவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டு ரோஸி அக்கா சின்னக் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"ஒரு சொட்டு குடு சேகரு. புள்ளைக்கு சளி வுடமாட்டேங்குது, நெத்தில தடவறேன்."

"தடவினா புள்ள ஸ்டார்ட் ஆயி ஓடிப்பூடும், அப்புறம் பிரேக்கு புடிக்க என்னாண்ட வராத" என்றார் மாமா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் கிண்ணத்தை வாங்கி, குச்சியிலிருந்து ஒரு சொட்டு வடித்துக் கொடுத்தார்.

அந்த நாட்களில், என்ஜின் சூட்டைத் தணிக்கும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. சொம்பு சொம்பாக ஊற்றுவேன், மறுநாள் பார்த்தால் காணாமல் போயிருக்கும். கீழே ஒரு சொட்டு ஒழுகின அடையாளம்கூட இருக்காது. "யாரு குடிக்கறா?" என்று மாமாவைக் கேட்டேன். "வாய மூடிகினு ஊத்துடா" என்றார்.

பங்குனியில் ஒருநாள், அம்மாவும் நானும் வண்டியில் இருந்தோம். அடையாறு பாலத்தின் மேல் ஏறும்போது வண்டி ஒருமுறை செருமி, அப்படியே நின்றுபோனது. பின்னால் பேருந்து அலறியது. வெள்ளைப் புகை கேபினுக்குள் நிறைந்து, பக்கத்தில் இருந்த மாமாவின் முகம் எனக்குத் தெரியவில்லை. அந்தப் புகைக்குள், சாவியே திருப்பாத என்ஜினிலிருந்து ஒரு "டொக்" கேட்டது. கொஞ்சம் விட்டு இன்னொன்று.

மாமா கதவைத் திறந்து கீழே குதித்தார். "அக்கா, இனிமே என்னால முடியாது. இன்னைக்கு நின்னுச்சி, நாளைக்கு என்னையும் கூட்டிகினு போவும்."

வண்டி போய்விட்டால் எங்களுக்குச் சோறு இல்லை, தம்பிக்கு ஏதாவது ஆனால் அம்மாவுக்கு வேறு ஆளில்லை. ஆயிலை இறக்கினாலோ, நைனா ஊற்றினது என்று இந்த உலகத்தில் எதுவும் மிஞ்சாது. ஆட்களைப் பிடித்துத் தள்ளி வண்டியை வீடு சேர்த்தோம்.

உச்சி வெயில். தெருவில் காக்கை கூட இல்லை. அம்மா எங்களுக்குச் சோறாக்க உட்கார்ந்து, கழுவின மீனை எண்ணெயில் போட்டாள். மீனில் ஒட்டியிருந்த தண்ணீர் பட்டு எண்ணெய் "சடசட" என்று வெடித்தது. அவள் கை அப்படியே நின்றது. பிறகு வாணலியை இறக்கி வைத்துவிட்டு, ஒரு பழைய தகர மூடியை அடுப்பில் வைத்தாள்.

"சேகரு, அந்தக் குச்சிய எடுத்துகினு வா."

குச்சி நுனியிலிருந்து ஒரே ஒரு சொட்டைக் காய்ந்த தகரத்தில் விட்டாள். அது மீன் வறுக்கிற எண்ணெய் போலவே சடசடவென்று வெடித்துத் தெறித்தது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீ ஊத்தற தண்ணிதான்டா இது. அங்க ஊத்தறது இங்க வருது."

அசோக் நகரில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்த கரீம் பாயைக் கூட்டிவந்தார் மாமா. பாய் பார்த்தவுடன் சொல்லிவிட்டார். என்ஜினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் அடைப்பாக இருக்கும் கேஸ்கட் தகடு போய்விட்டது, ரேடியேட்டர் தண்ணீர் அது வழியாக ஆயிலில் கலக்கிறது, தண்ணீர் கலந்த ஆயிலுக்கு வழுவழுப்பு இருக்காது, அதனால்தான் உள்ளே இரும்பும் இரும்பும் மோதித் தட்டுகிறது. "நேரத்துக்கு ஆயில் மாத்தியிருந்தா அன்னைக்கே கலர் காட்டிக் குடுத்திருக்கும்மா. இன்னும் ரெண்டு லோடு அடிச்சிருந்தா வண்டி பழைய இரும்புக்குத்தான்."

அம்மா தலையாட்டினாள். "எறக்கிடுங்க பாய்."

என்ஜினின் அடி போல்ட்டைக் கழற்றியபோது முதலில் எண்ணெய் வரவில்லை. தெளிந்த தண்ணீர் வந்தது, அதன் பின்னால் டீ நிறத்தில் கூழ் போல ஆயில் விழுந்தது. ஆனால் பில்டர் கழலவில்லை. பாய் சங்கிலி போட்டுத் திருகினார், சங்கிலி வழுக்கியது. மாமா காலை உதைத்துக்கொண்டு இழுத்தார், அசையவில்லை. "கையால இறுக்கினதாம்மா இது? நம்ப முடியல" என்றார் பாய், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

"நவுருங்க" என்றாள் அம்மா. புடவையைச் செருகிக்கொண்டு மண்ணில் குனிந்து, வண்டிக்கு அடியில் கையை நீட்டிப் பில்டரைப் பிடித்தாள். திருகவில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தாள். பிறகு, நைனாவிடம் பேசும் அதே குரலில், சோறு போட்டு வைத்திருக்கிறேன் என்று சொல்வது போலச் சொன்னாள்.

"வுடுய்யா. போதும். இனிமே நான் பாத்துக்கறேன்."

பில்டர் கழன்று அவள் கையோடு வந்தது.

"தம்பி இழுத்ததுலயே லூஸ் ஆயிருக்கும்மா" என்றார் பாய். அப்படித்தான் இருக்கும் என்று இப்போது எனக்கும் தெரியும். அன்று அவர் அதை யாருடைய முகத்தையும் பார்க்காமல்தான் சொன்னார்.

கேஸ்கட் மாற்றி, புது ஆயில், புது பில்டர் போட்டுக் கிளப்பியபோது வண்டியில் செருமலும் இல்லை, தட்டலும் இல்லை. அம்மா வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்டாள். "அவ்ளோதானா?" என்றாள். "அவ்ளோதான்கா. இப்பத்தான் வண்டி வண்டி மாதிரி கீது" என்றார் மாமா சந்தோஷமாக. அம்மா உள்ளே போய்விட்டாள். நைனாவுக்காக அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இன்று அந்தத் தெரு இல்லை. எங்களையெல்லாம் ஊருக்கு வெளியே, பெருங்குடியும் தாண்டி, அடுக்கு வீடுகளுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே கடல் வாடை வராது. அந்த வண்டியும் பழைய இரும்பாகிப் போய் எவ்வளவோ காலமாகிறது. சேகர் மாமா ஓட்டுவதை விட்டுவிட்டார். நான் தண்ணீர் கேன் போடுகிறேன், அதற்காகப் புதிதாக ஒரு பிக்கப் எடுத்தேன். ஆயில் மாற்ற வேண்டிய நேரத்தை இந்த வண்டி விளக்குப் போட்டுச் சொல்கிறது. வண்டி ஓட்டும் பிள்ளைகளே, அந்த விளக்கைப் பார்த்தபின் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள்.

வண்டி வந்த அன்று அம்மாவைக் கீழே அழைத்துவந்து முன்சீட்டில் உட்காரவைத்தேன். "கெளப்பு" என்றாள். கிளப்பினேன். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டாள். பிறகு கதவைத் திறந்து மெல்ல இறங்கினாள்.

"நல்லா கீதுடா. இதுல யாரும் இல்ல. தைரியமா ஓட்டு."