ஏலத்தில் போன முதல் கைப்பிடி

நல்ல மனிதர்களோடு பழகுவது லேசான காரியம் இல்லை. ராஜையனோடு இருபது வருஷம் பழகியவள் சொல்கிறேன், நம்பலாம்.

தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு லாட்ஜின் மாடியில் என் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்தது. பதினொரு மெஷின்கள். காலையில் பிள்ளைகளுக்குப் பாடம். மத்தியானத்துக்கு மேல் வஞ்சியூர் கோர்ட் வக்கீல்களின் காகிதங்களை அடித்துக் கொடுக்கும் வேலை. கரமனை அக்ரஹாரத்திலிருந்து சூடாமணி என்று ஒருத்தி தனியாக வந்து கடை நடத்துவதைப் பற்றிப் பேசாத வாய் அந்தக் காலத்தில் இல்லை. நானும் யாரையும் பேசாமல் விட்டதில்லை.

1969-ல் ஒரு நாள், தோளில் சாக்குப்பையோடு ஒல்லியாக ஒருவர் வாசலில் வந்து நின்றார். அவர்தான் ராஜையன். பாறசாலைப் பக்கத்துக்காரர், சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவர். போனக்காட்டுத் தேயிலைத் தொழிற்சாலையில் ஏழு வருஷம் ஃபிட்டராக இருந்தவர். மலைக்குளிர் மனைவிக்கு ஒத்துக்கொள்ளாததால் இறங்கி வந்து நேமத்தில் குடியிருந்தார். டைப்ரைட்டர் ரிப்பேர் பார்ப்பேன் என்றார்.

“இதுக்கு முன்னாடி டைப்ரைட்டர் பார்த்திருக்கேளா?” என்று கேட்டேன்.

“ஒரு தடவை திறந்து பாத்தா போதும் டீச்சரே.”

பார்த்தார், போதுமானதாகத்தான் இருந்தது. ஆனால் அவரிடம் ஒரு வழக்கம். எதைத் திறந்தாலும் அதன் சொந்தக்காரரைக் கூப்பிட்டு உள்ளே காட்டுவார். “இந்தா பாத்தியளா, இந்தப் பல்லு தேஞ்சு போச்சு” என்று விரலால் தொட்டுக் காட்டி, அடுத்த தடவை நாமே சரிசெய்யும் அளவுக்குச் சொல்லியும் கொடுத்துவிடுவார். “இப்படி எல்லாத்தையும் காட்டிக் குடுத்தா அப்புறம் உங்களை யார் கூப்பிடுவா?” என்று எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். சிரித்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

1983-ல் எங்கள் மாடிக்குக் கீழே லிங்கம் என்ற திருநெல்வேலிக்காரர் ஒரு வீடியோ கேம் கடை திறந்தார். அதுவரை டீக்கடை வைத்திருந்தவர். நாலு பெட்டிகள், சிங்கப்பூரிலிருந்து மதராஸ் வழியாக வந்தவை. பெட்டியில் டிவி மாதிரி ஒரு திரை, அதற்கு முன்னால் ஒரு கைப்பிடி. கைப்பிடியை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்தப் பக்கம் திரையில் விமானம் போகும். காலேஜ் பையன்களும் பஸ் டிரைவர்களும் அதை லாரி கியர் போல இழுத்தார்கள். ஒரே மாதத்தில் நாலு கைப்பிடியும் துவண்டு போயின. உள்ளே ஸ்பிரிங் செத்துவிட்டது. மாற்ற வேண்டுமானால் முழுக் கைப்பிடியும் சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும் என்றார்கள். லிங்கம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு மாடியேறி வந்தபோது, ராஜையன் என் ஆறாம் நம்பர் மெஷினைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார்.

அதை வாங்கிப் போனவர் இரண்டு வாரம் கண்ணில் படவில்லை. பிறகு வந்தார். லாரி டியூபில் வட்டமாக வெட்டிய ரப்பர், அதைச் சுற்றி நாலு பக்கமும் என்னுடைய செத்துப்போன பழைய மெஷினிலிருந்து எடுத்த சின்ன ஸ்பிரிங்குகள். எந்தப் பக்கம் இழுத்தாலும் விட்டவுடன் நடுவுக்கு வந்து நின்றது. ஒரு ஸ்பிரிங் போனால் பெட்டியைத் திறக்காமலே மேலிருந்து ஐந்து நிமிஷத்தில் மாற்றலாம். அப்போது அவருக்கு வயது நாற்பத்தேழு. அன்றுவரை அடுத்தவர் செய்ததைச் சரிசெய்தே வாழ்ந்தவர்.

“டீச்சரே, இது எனக்க சொந்தம்” என்றார். அன்றைக்கு நான் திட்டவில்லை. “இது முதலாவது. லிங்கத்துக்கு இனி செய்யப் போறது” என்று சொல்லி அதைத் துணியில் சுற்றி எடுத்துப் போனார். முதலாவது எங்கே போகிறது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த ஜனவரியில் மதராஸ் கம்பெனி ஒன்றின் ஆள் லிங்கத்திடம் புதுப் பெட்டி விற்க வந்தார். கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தார், அசந்துபோனார். ராஜையன் சும்மா இருப்பாரா? மாதிரிக்குச் செய்து வைத்திருந்த ஒன்றைத் திறந்து காட்டினார். அந்த ஆள் அதைக் கேட்டபோது கொடுத்தும் விட்டார். ‘ராஜையன் செய்த கைப்பிடி ஒன்று மாதிரிக்காகப் பெற்றுக்கொண்டேன்’ என்று தேதி போட்டு ஒரு சீட்டு வாங்கி வைத்தது நான். எனக்கு அந்த அளவாவது புத்தி இருந்தது.

1986-ல் லிங்கத்துக்கும், ராஜையனிடம் கைப்பிடி வாங்கிய வேறு இரண்டு கடைகளுக்கும் அந்தக் கம்பெனியிலிருந்து இங்கிலீஷில் கடிதம் வந்தது. நான் படித்துச் சொன்னேன். இந்தக் கைப்பிடியின் நுட்பம் எங்களுடையது, 1984 மார்ச்சில் பேடண்டுக்கு விண்ணப்பித்தோம், இப்போது ஏற்றுக்கொண்டு கெஜட்டில் அறிவித்திருக்கிறார்கள், பேடண்ட் கைக்கு வந்தபின் எங்கள் அனுமதி இல்லாமல் யாரும் செய்யவோ வைத்திருக்கவோ கூடாது.

“அப்போ நான் இனி செய்யக்கூடாதா?” என்றார் ராஜையன்.

“செஞ்சா கேஸ் போடுவா.”

அவர் தன் இரண்டு கையையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்கக் கையை என்னட்டயிருந்தே தடுக்கியானா” என்றார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அன்றைக்கே அவரை வஞ்சியூருக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

ஞானையன் வக்கீல் நாகர்கோவில்காரர், பொறுமையாகப் பேசுவார். சீட்டைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நாலு மாசத்துக்குள்ள எதிர்ப்பு மனு போடணும். உங்ககிட்ட இருந்து எடுத்ததைத்தான் அவங்க கொண்டு போயிருக்காங்கன்னு இந்தச் சீட்டு சொல்லும். அது நின்னுட்டா அந்தப் பேடண்டையே உங்க பேருக்கு மாத்தித் தரும்படி கேட்கலாம்.”

“எனக்கப் பேருலயா? அச்சடிச்சா?”

“அச்சடிச்சு. ஆனா ஒரு காரியம். அவங்க விண்ணப்பம் போடுறதுக்கு முன்னாடி இது ஊருக்குத் தெரிஞ்சதா இருக்கக்கூடாது. ஊரறிஞ்ச சாதனத்துக்கு யாருக்கும் பேடண்ட் கிடையாது. அவங்களுக்கும் இல்ல, உங்களுக்கும் இல்ல. லிங்கம் கடையில வெச்சதைச் சோதனைக்குன்னு சொல்லிக்கிடலாம், அது பெட்டிக்குள்ள மூடித்தானே இருந்துச்சு.”

படியிறங்கும்போது ராஜையன் தன் பெயரை இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

வாக்குமூலத்தை வக்கீல் எழுதி அனுப்பினார், நான் அடித்தேன். கையெழுத்துக்கு முன்னால் ஒவ்வொரு பத்தியாகத் தமிழில் சொன்னேன். ஏழாவது பத்தி: ‘மேற்படி கம்பெனி ஆள் வருவதற்கு முன் இக்கருவியின் உட்புறத்தைப் பொதுவில் யாருக்கும் திறந்து காட்டியதில்லை.’ ராஜையன் பேனாவைக் கீழே வைத்தார்.

“டீச்சரே, முதலாவது செஞ்சதை நான் சபையில குடுத்தேன்லா.”

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அவர்கள் சபையில் அறுப்பின் பண்டிகை என்று ஒன்று உண்டு. முதலில் வெட்டிய வாழைக்குலை, முதலில் பிடுங்கிய கிழங்கு, கோழி முதலில் இட்ட முட்டை, எல்லாம் கர்த்தருக்கு. ஆராதனை முடிந்ததும் அவற்றை ஏலம் விடுவார்கள். ராஜையனிடம் நிலமும் இல்லை, கோழியும் இல்லை. 1983 நவம்பரில் தன் முதல் பலன் என்று இந்தக் கைப்பிடியைக் கொண்டு போய் வைத்திருக்கிறார். சபையை நடத்தும் தாசையன் உபதேசியார் அதைத் தூக்கிப் பிடித்து ஏலம் கூறியபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. உரலுக்கு உள்ளதா என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். அவமானமாகப் போய்விட்டது. எழுந்து போய், திருகாணிகளைக் கழற்றி, ரப்பரையும் ஸ்பிரிங்கையும் ஒவ்வொன்றாக எடுத்து, தொண்ணூறு பேருக்கும் காட்டி விளக்கியிருக்கிறார். அதன் பிறகு எலிசாள் என்ற பெண் ஏலத்தில் எடுத்தாள்.

எனக்கு வந்த கோபத்தில் என்ன பேசினேன் என்று முழுதாக நினைவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று சொன்னது நினைவிருக்கிறது. “வாயை மூடிண்டு கையெழுத்துப் போடுங்கோ. கிழங்குக்கும் வாழைக்குலைக்கும் நடுவுல நடந்த ஏலத்தை யாரு மெட்ராஸ்ல போய்ச் சொல்லப் போறா?”

அவர் முடியாது என்று சொல்லவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இந்த ஊர் அவரைப் புனிதராக்கிவிடும். ஒரு நாள் அவகாசம் கேட்டார். மறுநாள் வந்து, “எலிசாள் அக்காட்ட இருந்து அதைத் திருப்பி வாங்கிரலாம். நீங்களும் கூட வாரியளா?” என்றார். போனேன்.

எலிசாளுக்குப் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்கு முன்னால் தேங்காய் வியாபாரம். பிள்ளையாருக்கு உடைக்கிற தேங்காயைச் சபைக்காரி விற்கிறாளே என்று இரண்டு பக்கத்து ஆட்களும் கேட்டு ஓய்ந்துபோயிருந்தார்கள். அந்தக் கைப்பிடி அவள் கடைத் தட்டியின் பலகையில் இறுக்கியிருந்தது. அதில் குடையை மாட்டியிருந்தாள்.

“அக்கா, அந்தச் சாதனம் எனக்கு வேணும்” என்றார் ராஜையன்.

“எடுத்துக்கோ மக்கா. எதுக்குன்னு சொல்லு.”

அவர் சொன்னார். மறைக்கத் தெரியாதவர், எல்லாவற்றையும் சொன்னார். அவள் ஒரு ஆளுக்கு மூன்று தேங்காய் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டுத் திரும்பினாள்.

“சரி. கேட்டா நான் என்ன சொல்லணும்?”

“யாரும் கேக்க மாட்டா” என்றேன் நான்.

“கேட்டா?” அவள் என்னைப் பார்க்கவில்லை. “எனக்கு நீ சொல்லித் தந்திரு ராஜையா. உபதேசியார்ட்டயும் போய்ச் சொல்லிரு, கேட்டா என்ன சொல்லணும்னு. பொறவு வீடு வீடாட்டு போ. தொண்ணூறு பேரு உண்டு. அன்னைக்கு அத்தனை பேருக்கும் நீதானே சந்தோசமாட்டு திறந்து காட்டுன? இனி அத்தனை பேரட்டயும் நீதானே போய் மூடணும்?” சொல்லிவிட்டுக் குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, திருகாணியைக் கழற்றத் தன் கத்தியை நீட்டினாள்.

ராஜையன் கத்தியை வாங்கவில்லை. தம்பானூருக்குத் திரும்பி வந்தோம். மாடியேறி என் மேசைக்கு முன்னால் நின்று, “ஏழாவதை மாத்தி அடியுங்க டீச்சரே. திறந்து காட்டினேன்னு” என்றார்.

“மாட்டேன். பேர் போயிடும் ஓய், புரியறதா? உங்க பேர்.”

“அப்போ நான் ஒத்தை விரலாலே அடிச்சுக்கிடுதேன். மெஷினை எனக்கு அறியும்லா.”

சொன்னபடி உட்கார்ந்தும் விட்டார். அவருக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும், இங்கிலீஷ் தெரியாது. எழுந்திருங்கோ என்று விரட்டிவிட்டு நானே அடித்தேன். அழுதுகொண்டே அடித்தேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் அதுதான் நடந்தது.

ஞானையன் வக்கீல் தலையில் கைவைத்தார். பிறகு மனுவை வேறு மாதிரி எழுதினார்: இது ஊரறிந்த சாதனம், யாருக்கும் பேடண்ட் கூடாது. உபதேசியாரும் எலிசாளும் வாக்குமூலம் கொடுத்தார்கள். ஏலத்தன்று எடுத்த ஃபோட்டோ ஒன்றும் கிடைத்தது. ‘அறுப்பின் பண்டிகை 1983’ என்ற துணிக்குக் கீழே, சேனைக்கிழங்குக்குப் பக்கத்தில் கைப்பிடி. கம்பெனி ஒன்றரை வருஷம் இழுத்தது. 1987 கடைசியில் தீர்ப்பு வந்தது: கம்பெனிக்குப் பேடண்ட் இல்லை. ராஜையனுக்கும் இல்லை. ஆறு மாதத்துக்குள் சாலைக் கடைத்தெருவில் நாலு பட்டறைகளில் அதே கைப்பிடியைச் செய்தார்கள். அவற்றில் இரண்டு பட்டறைக்கு அவரே போய்ச் சொல்லிக் கொடுத்தார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று நான்தான் வயிறெரிந்தேன்.

தீர்ப்பின் நகலை அவருக்குப் படித்துச் சொன்னேன். அதில் ஒரு வரி: ‘இக்கருவியைச் செய்தவரான ராஜையன் என்னும் மெக்கானிக், விண்ணப்பத் தேதிக்கு முன்பே அதைப் பலர் முன்னிலையில் திறந்து விளக்கியிருப்பதால், இது புதியது அன்று.’

“செய்தவர்னு போட்டிருக்கா?”

“போட்டிருக்கு.”

“அச்சுலயா?”

“டைப் அடிச்சது.”

“இன்னொருக்க வாசியுங்க.”

மூன்று தடவை வாசித்தேன்.

அடுத்த வருஷம், ஐந்து நகல் அடிக்கும்போது கார்பன் காகிதம் நகராமல் பிடிக்க ஒரு சின்ன கிளிப் செய்து கொண்டுவந்தார். போட்டுப் பார்த்தேன், ஒரு நூல் நகரவில்லை. கதவைச் சாத்திவிட்டு அவரை உட்கார வைத்தேன்.

“இந்தத் தடவை நான் சொல்றதைக் கேளுங்கோ. முதல்ல விண்ணப்பம். நானே அடிச்சுத் தரேன். அப்புறம் உங்க சபையில குடுங்கோ, ஏலம் விடுங்கோ, ஊர் முழுக்கத் திறந்து காட்டுங்கோ.”

அவர் கிளிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் சொல்வதில் உள்ள நியாயம் அவருக்குப் புரிந்தது, அது முகத்தில் தெரிந்தது.

“விண்ணப்பத்துக்கு ஒண்ணு முதல்ல போச்சுன்னா, சபையில குடுக்கியது ரெண்டாவதுல்லா ஆயிரும் டீச்சரே?”

அந்த நவம்பரில், அறுப்பின் பண்டிகை ஞாயிற்றுக்கிழமை, பஸ் பிடித்து நேமத்தில் அவர்கள் சபைக்குப் போனேன். தாசையன் உபதேசியார் கிளிப்பைத் தூக்கிப் பிடித்து ஏலம் கூறியபோது, யாரும் அது என்னவென்று கேட்பதற்கு முன்னால் நான் ஏலம் கேட்டுவிட்டேன்.