நாலு மொழி நாட்டிலிருந்து

கனடாவில், ஸ்காபரோவில் ஒரு மருந்துக்கடை. சுவிஸிலிருந்து வந்த விமானத்தில் வீங்கிய அம்மாவின் காலுக்கு மருந்து வாங்க வந்திருக்கிறோம். தூக்கமில்லாமல் எனக்குக் கண் எரிகிறது.

"சுவிஸில என்ன பாசை, தங்கச்சி?" என்று கேட்கிறார் மருந்து கொடுக்கும் அண்ணை.

"நாலு இருக்கு, அண்ணை. ரயில் மலைக்குள்ள ஜேர்மனில பூந்து இத்தாலியனில வெளியில வரும்."

"அம்மா என்னெண்டு சமாளிக்கிறா?"

"டொக்டரிட்டயும் நான்தான் கதைக்கிறனான்." எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். பெருமையாகத்தான் சொல்கிறேன்.

அம்மா என்னை விலக்கிக்கொண்டு முன்னே வருகிறார். "தம்பி, எனக்குக் கனநாளாத் தலை சுத்துது."

"எனக்குச் சொல்லேல்லையே, அம்மா?"

"நீயே களைச்சு வாறனி. உன்னை எத்தினை தரம் இழுத்துக்கொண்டு போறது?"

அண்ணை அம்மாவை இருத்தி ஒவ்வொன்றாகக் கேட்கிறார். பதில்கள் எனக்கும் புதியவை. மொழிபெயர்க்கச் சொல்லி இருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.