மூன்றாவது டேக்

எங்கள் தெருவில் என்னை டிவிக்காரன் என்றுதான் நினைக்கிறார்கள். ஒருமுறை கேபிள் தெரியவில்லை என்று மேல்வீட்டுக்காரர் மொட்டைமாடிக்கே இழுத்துப் போய்விட்டார். இருபது வருடமாக ஆவணப்படம் எடுக்கிறேன், கல்லூரியில் அதைப் பாடமாகவும் நடத்துகிறேன் என்று விளக்கிப் பார்த்தேன். "அப்ப ஒயரு தெரியுமில்ல?" என்றார். போய் ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வகுப்பில் மட்டும் நான் பெரிய ஆள். பேசுகிறவர் வாயில் நம் வார்த்தையைத் திணிக்கக் கூடாது என்று பலகையில் எழுதி, அடிக்கோடு வேறு போடுவேன். அந்த மகாமேதைதான் எண்ணூர் ஆற்றங்கரையில் இந்தக் காரியத்தைச் செய்தான்.

ஆற்றில் ஆலைக்கழிவு கலப்பதைப் பற்றிய படம். திருவொற்றியூரில் கூடை சுமந்து வீடுவீடாக மீன் விற்கும் ஓர் அக்கா பேச ஒப்புக்கொண்டார். "சில நாளு மடவை மீனுல எண்ண வாட வர்து. அத்த நான் எடுக்கறதில்ல. மோந்து பாத்து நல்ல மீனாத்தான் எடுத்துகினு போறேன்" என்றார். சரியாக அப்போது ஒரு கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தது. இன்னொருமுறை சொல்லச் சொன்னேன். இன்னொரு லாரி. மூன்றாவது முறை, "சுருக்கமா, கொஞ்சம் கோபமாச் சொல்லுங்கக்கா" என்றேன். வெயில் ஏறிவிட்டது, கூடையில் மீன் காத்திருந்தது. அக்காவுக்கு நிஜமாகவே கோபம் வந்தது, என் மேல். "ஆத்து மீனு எண்ண நாறுது, மன்சன் துன்னுவானா?" என்று கத்திவிட்டுக் கூடையைத் தூக்கினார். எனக்குப் புல்லரித்துவிட்டது. படத்தையே அந்த வரியில்தான் தொடங்கினேன்.

யாரோ அந்தத் தொடக்கத்தை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் விட்டார்கள். தலைகால் புரியாமல் நானும் நாலு குரூப்பில் பகிர்ந்தேன். அக்கா மீன் விற்கும் தெருக்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது.

ஒரு மாதம் கழித்து மார்க்கெட் பக்கம் அவரைப் பார்த்தேன். மதியம் ஆகியும் கூடை குறையவில்லை.

"இன்னா வாத்தியாரே, கதவத் தொறந்து என்னப் பாத்தாலே சிரிக்கறாங்கோ. நீதான துன்னாதன்ன, இப்ப எங்க தலைல கட்டறியான்றாங்கோ. எல்லாம் வர்சக்கணக்கா வாங்கின வூடு."

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வரியை எடுத்துவிடுகிறேன், முதல் டேக்கை லாரிச் சத்தத்தோடு வைக்கிறேன், வீடுவீடாக நானே வந்து பேசுகிறேன் என்று மூச்சுவிடாமல் அடுக்கினேன். அக்கா பொறுமையாகக் கேட்டார். பிறகு சாக்கை விலக்கி இரண்டு மடவையை எடுத்து நீட்டினார்.

"அதெல்லாம் அப்பால பாத்துக்கலாம். நல்ல மீனு. நீ வூட்டுக்கு எடுத்துகினு போ."

படம் எடுத்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஆற்று மீன் வாங்குவதில்லை. கை நீளவில்லை.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமைக்கா" என்றேன்.

அக்கா மீனைக் கூடையில் போட்டுச் சாக்கால் மூடினார்.

"இன்னிக்கு புதன்கெழம, வாத்தியாரே."